பழைய பொலேரோ பிக்கப்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்ற 2017 பொலேரோ பிக்கப் ஒன்று பார்த்திருக்கிறேன். பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, அதுதான் பயம். எதைச் சோதிக்கலாம்?

பதில் 1: காலையில் எஞ்சின் சூடாகும் முன் போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருகிறதா? எஞ்சின் வேலை காத்திருக்கிறது. அப்புறம் அடியில் படுத்துச் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். என் வண்டியை வாங்கும்போது நான் வேட்டி அழுக்காகுமே என்று விட்டேன். பின்பட்டை (பின் சக்கரத்து ஸ்பிரிங்) மாட்டும் இடத்தில் வெல்டிங் வைத்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். முதல் லோடிலேயே விரிசல்.

பதில் 2: ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் இருந்தால், கடன் கொடுத்தவர் தரும் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். 8 வருடம் தாண்டினால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) ஆண்டுதோறும் எடுக்கணும்.

கேட்டவர்: சரி அண்ணே, நாளை விடியற்காலை மெக்கானிக்கோடு போகிறேன். படுக்கச் சாக்கும் உண்டு.