புதுப்பிப்பு: லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) டேப்பர், அதாவது கூம்பு போல் சரியும் வடிவம், கடைய கோணம் வைப்பது பற்றி

முன்பு நான் கேட்டது: பெரிய விட்டம் 40 மி.மீ., சிறிய விட்டம் 30, நீளம் 50. விட்ட வித்தியாசத்தில் பாதியான 5-ஐ நீளத்தால் வகுத்தால் டேன் 0.1, அதாவது ஏறத்தாழ 5 டிகிரி 43 நிமிடம். காம்பவுண்ட் ஸ்லைடின் (வெட்டும் உளியைச் சாய்வாக நகர்த்த, கோணம் திருப்பி வைக்கும் பகுதி) அளவுகோலில் முழு டிகிரிக் கோடுகள்தான் இருக்கின்றன. அந்த 43 நிமிடத்தை எப்படி வைப்பது?

கண்ணளவில் ஐந்தரையில் நிறுத்தினால், 50 மி.மீ. நீளத்தில் விட்டம் 10-க்குப் பதில் 9.63 தான் மாறும். டேப்பர் பொருந்தாது.

சரி, வழி கிடைத்துவிட்டது. சக்கில் (வேலைப் பொருளைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) ஒரு தண்டைப் பிடித்து, லேசாகக் கடைந்து நேராக்குங்கள். டூல் போஸ்டில் (காம்பவுண்டின் மேல் உளியைப் பிடிக்கும் இடம்) டயல் கேஜை (மிகச் சிறு நகர்வை முள்ளால் காட்டும் அளவி) மாட்டி, அதன் முனையை மைய உயரத்தில் தண்டின் பக்கவாட்டில் தொட வையுங்கள். கேரேஜை (காம்பவுண்டைத் தாங்கி லேத்தின் நீளவாக்கில் நகரும் பகுதி) அசையாமல் பூட்டிவிட்டு, காம்பவுண்டை 20 மி.மீ. நகர்த்துங்கள். டயல் 1.99 மி.மீ. மாற வேண்டும்; மாறும் வரை கோணத்தைச் சரிசெய்யுங்கள்.

ஏன் 2.00 இல்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காம்பவுண்ட் நகர்வது சாய்வுக் கோட்டில், அதாவது கர்ணத்தில். எனவே இங்கே டேன் இல்லை, சைன்: 20 × 0.0995. பத்தாம் வகுப்பில் வரைந்த அதே செங்கோண முக்கோணம்!

ஸ்லைடின் கைப்பிடியை ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள், இல்லையென்றால் திருகின் தளர்வும் கணக்கில் சேர்ந்துவிடும். அப்புறம், காம்பவுண்டின் கோணத்தைப் பூட்டும் போல்ட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை டயலைப் பாருங்கள். இறுக்கும்போது கோணம் கொஞ்சம் நகரும்.