38 சென்ட் நிலம் இருக்கிறது. 11 ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்ட அரசுப் பணம் கிடைக்குமா?

கருங்கல்காரன் கேட்டது:

எங்கள் ஊர் நற்பணி மன்றத்துக்கு ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் 38 சென்ட் நிலம் எழுதிக் கொடுத்தார். வீடில்லாதவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. 11 குடும்பங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். எல்லாரும் வாடகைக்காரர்கள். அதில் ஒரு அக்கா அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில் வேலை செய்கிறார், கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். மழைக்காலத்தில் ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும் பிஸ்கட் டின்னில் போட்டு உத்தரத்தில் கட்டித் தொங்க விட்டிருப்பார். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டே, அந்த டின் வருஷத்தில் பாதி நாள் அங்கேதான் தொங்கும்.

கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறார்கள். ஆனால் மனை பயனாளி பேரில் இருக்க வேண்டும், குடிசையில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். பிரதமர் வீட்டுத் திட்டத்துக்குப் போனாலும் சொந்த மனை எங்கே என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மன்றத்தின் பேரில் நிலத்தை வைத்துக்கொண்டு கேட்டால், "அதுக்குத் திட்டம் இல்லை" என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரித்து எழுதிக் கொடுத்தால், நாளைக்குக் கல்யாணச் செலவுக்கு விற்றுவிடுவார்கள் என்று மன்றத்தில் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். இங்கே ஒரு சென்ட் என்ன விலை போகிறது என்று உங்களுக்கே தெரியும். என்ன செய்யலாம்?

மணக்குடியில் வேலை பார்த்தவன்:

தம்பி, சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் சைட் இன்ஜினியராக இருந்தேன். 2005 மார்ச்சில் அரசாணை 172 வந்தது. நிலம் அரசு கொடுக்கும், வீட்டைத் தொண்டு நிறுவனம் கட்டும். 300 முதல் 325 சதுர அடி, சுமார் 1.5 லட்சம் செலவு. உங்கள் கதை அப்படியே தலைகீழ்: நிலம் உங்களிடம், பணம் அரசிடம்.

அந்த ஆணையில் எனக்குப் பிடித்த விஷயம், உரிமை கணவன் மனைவி இரண்டு பேர் பேரிலும். நான் கட்டின ஒரு வீட்டை விற்க, சாவி வாங்கிய இரண்டாம் வருஷமே அந்த வீட்டுக்காரர் ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவி கையெழுத்துப் போட மாட்டேன் என்று திண்ணையை விட்டு எழும்பவே இல்லை. வீடு இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது. அதனால் பெண்கள் பேரில் எழுதுங்கள், பயம் பாதி குறையும்.

நகரத்துத் திட்டத்தை நம்பி அலைய வேண்டாம். 2015இல் வந்த பிரதமர் நகர்ப்புறத் திட்டத்தில் கூட்டு முயற்சி என்றால் குறைந்தது 250 வீடு கேட்டார்கள். 11 வீட்டுக்கு அந்தக் கதவு திறக்காது.

ஆதாரம் (பத்திரம்) எழுதுகிறவன்:

அண்ணே, அவசரப்பட்டுப் பிரித்து எழுதிவிடாதீர்கள். அனுமதி இல்லாத மனையை வீட்டுமனையாகப் பதிய முடியாது, பதிவுச் சட்டம் 22-ஏ. முதலில் நகர் ஊரமைப்புத் துறையில் மனைப்பிரிவு அனுமதி. 38 சென்டில் பாதை போக ஆளுக்கு மூன்று சென்ட்கூட வராது, சர்வேயரை வைத்து இப்போதே அளந்து பாருங்கள்.

"விற்கவே கூடாது" என்று தானப் பத்திரத்தில் எழுதினால் நிற்காது. சொத்து மாற்றுச் சட்டம் 10ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்கிவிடும். விற்பதானால் முதலில் மன்றத்திடம் கேட்க வேண்டும் என்று எழுதலாம், அதையும் வக்கீலிடம் காட்டி எழுதுங்கள். டீச்சர் கொடுத்த ஆதாரத்தில் மன்றம் பிறருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று இருக்கிறதா? அதுதான் முதல் வேலை.

தக்கலை கொத்தனார்:

3.5 லட்சம் முழுசும் கையில் வராது அண்ணாச்சி. வேலை ஏற ஏறத் தவணையாக வரும், சிமெண்டும் கம்பியும் துறை வழியாகத் தந்து கழித்துக்கொள்வார்கள். முதல் தவணை வரும் வரைக்கும் அஸ்திவாரத்துக்கு மன்றம் கைமாற்றுக் கொடுத்தாலே பெரிய உதவி. சுவருக்கு, திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டின எலிப்பொறிக் கட்டைப் பாருங்கள். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. கல் கால்வாசி மிச்சம், வீட்டுக்குள் சூடும் குறையும்.

கருங்கல்காரன்:

ஆதாரத்தை எடுத்துப் பார்த்தேன், மாற்றிக் கொடுக்க அனுமதி இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மன்றம் கூடுகிறது. அண்டியாபீஸ் அக்காவையும் மற்ற பத்து வீட்டுக்காரர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன். விற்றுவிடுவார்கள் என்று இத்தனை மாதம் பேசினோம், அவர்களில் ஒருவரையும் இதுவரை கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை.