டெபோ மிட்ஃபோர்டு: சாட்ஸ்வொர்த் மாளிகையைக் காப்பாற்றியது யார்?

ஆந்தைக்கண்ணன்:
போன வாரம் இங்கே ஒருவர், இங்கிலாந்துப் பிரபு வீட்டுப் பெண்கள் தொப்பி போட்டுக்கொண்டு குதிரைப் பந்தயம் பார்த்ததைத் தவிர என்ன கிழித்தார்கள் என்று கேட்டிருந்தார். பதில் நீளம் என்பதால் தனி இழையாகவே போடுகிறேன். டெவன்ஷர் டச்சஸ், அதாவது டியூக் என்ற பெரிய பிரபுவின் மனைவி, டெபோரா, வீட்டில் டெபோ. 1920இல் பிறந்து 2014இல் மறைந்தவர், மிட்ஃபோர்டு சகோதரிகள் ஆறு பேரில் கடைக்குட்டி. 1941இல் அவர் ஆண்ட்ரூ கேவண்டிஷைக் கல்யாணம் செய்தபோது மாப்பிள்ளை இளைய மகன், டியூக் பட்டமும் குடும்பத்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையும் அண்ணன் பில்லிக்குப் போக வேண்டியவை. பில்லி 1944 மே மாதம், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான கென்னடியின் தங்கை கேதலீனை மணந்தார், செப்டம்பரில் பெல்ஜியத்தில் சுடப்பட்டுப் போரில் இறந்தார். 1950 நவம்பரில் மாமனார், அப்போதைய டியூக், விறகு வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து போய்ச் சேர்ந்தார், வயது 55தான். சொத்தை மகன் பேருக்கு மாற்றிவிட்டு ஐந்து வருடம் உயிரோடு இருந்தால் வாரிசு வரி இல்லை என்பது அன்றைய சட்டம். மாமனார் அப்படி மாற்றி ஐந்து வருடம் முடியச் சில வாரங்கள்தான் பாக்கி. 80 சதவீத வரி தலையில் இறங்கியது. அந்த நிலையில் இருந்த வீட்டை எடுத்து நிறுத்தியவர் டெபோ. அவரைச் சும்மா இருந்தவர் என்று சொல்ல முடியுமா?

கணக்குப்பிள்ளை:
80 சதவீதம் என்றதும் குடும்பமே தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு சித்திரம் வருகிறது பாருங்கள், அதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வரியை எதைக் கொடுத்துக் கட்டினார்கள்? ஹார்ட்விக் ஹால் என்ற இன்னொரு மாளிகையை, அது 1959இல் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் கைக்குப் போனது. ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றி, ரெம்பிராண்ட் ஓவியம், பல்லாயிரம் ஏக்கர் நிலம் எல்லாம் போயின. வரித்துறையோடு பேசி முடிக்கவே 17 வருடம் ஆனது, அதுவரை வட்டி வேறு ஓடியது. சரி, இவ்வளவும் போன பிறகு மிச்சம் என்ன? சாட்ஸ்வொர்த் மாளிகை, யார்க்ஷயரில் போல்டன் ஆபி எஸ்டேட், அயர்லாந்தில் லிஸ்மோர் கோட்டை. இதற்குப் பேர் நஷ்டம் என்றால் எனக்கும் அந்த நஷ்டம் வரட்டும்.

ஆந்தைக்கண்ணன்:
சார், நிலமும் ஓவியமும் இருந்தால் கூரை தானாக ஒழுகாமல் இருக்குமா? அந்தக் காலத்தில் அந்த நாட்டில் எத்தனை மாளிகைகளை இடித்துத் தள்ளினார்கள் என்பதையும் கணக்கில் எழுதுங்கள். போர்க்காலத்தில் சாட்ஸ்வொர்த்துக்குள் ஒரு பெண்கள் பள்ளிக்கூடமே குடியிருந்தது, அந்தப் பெரிய பெரிய அறைகளில் மாணவிகளின் கட்டில்கள். அப்புறம் டெபோ குளியலறை, வெந்நீர்க் குழாய், சூடேற்றும் வசதி எல்லாம் போட்டு 1959இல்தான் குடும்பத்தோடு உள்ளே போனார். 1973இல் ஊர்க் குழந்தைகள் மாடு கறப்பதைப் பார்க்கட்டும் என்று ஒரு பண்ணை முற்றம், 1977இல் எஸ்டேட் இறைச்சி விற்கிற பண்ணைக் கடை. டச்சஸ் கடை வைப்பதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. கோழி வளர்ப்பில் அவருக்கு இருந்த பைத்தியம் ஊரறிந்தது.

நீலாம்பரி:
கோழி என்றதும் உள்ளே வந்துவிட்டேன். இது டெபோவுக்குத் திடீரென்று வந்த பைத்தியம் இல்லை தம்பி, அம்மா வழிச் சீதனம். அவருடைய அம்மா சிட்னி, ரெட்ஸ்டேல் பிரபுவின் மனைவி, கோழிப் பண்ணை வைத்திருந்தார், அந்த முட்டைக் காசில்தான் பெண்களுக்குப் பாடம் சொல்ல வந்த டீச்சரம்மாவுக்குச் சம்பளம். இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரே மகன் டாமுக்கு ஈட்டன் பள்ளி. பெண்களில் ஓரிருவர் கொஞ்ச காலம் பள்ளிக்குப் போனதோடு சரி, மற்றபடி வீட்டோடு படிப்பு, அதுவும் முட்டை விற்ற காசில். டெபோவின் அக்கா ஜெசிகாவுக்குப் பள்ளிக்குப் போகவிடவில்லை என்ற கோபம் கடைசி வரை ஆறவில்லை. டெபோவுக்கோ நேர் எதிர், பள்ளிக்கூடம் என்றாலே ஆகாது. மூத்தவர் நான்சி இந்தக் கடைசித் தங்கைக்கு ‘ஒன்பது’ என்று பேர் வைத்திருந்தார், புத்தி வளர்ந்தது ஒன்பது வயதோடு நின்றுவிட்டதாம். அந்த ‘ஒன்பது’தான் பிறகு வரவு செலவு பார்த்தது.

கணக்குப்பிள்ளை:
அம்மா, கதை அருமை, மறுக்கவில்லை. ஆனால் ‘காப்பாற்றியது’ என்று தலைப்பு வைத்துவிட்டு ஒருத்தர் பேரை மட்டும் எழுதினால் எப்படி? 1948இல் கேதலீன் விமான விபத்தில் இறந்தார். லண்டனில் அவர் வீட்டில் வேலை பார்த்த ஹங்கேரியச் சகோதரிகள் இருவரை டெபோவின் மாமியார் சாட்ஸ்வொர்த்துக்கு அழைத்தார். அவர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அகதியாக வந்த பெண்களைத் திரட்டி, வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறைகளைத் துடைத்துத் தூசி தட்டி, 1949இல் ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மாதிரி ஆக்கினார்கள். டெபோ அந்த வீட்டில் குடியேறியதற்குப் பத்து வருடம் முன்னால். சுத்தியலும் துடைப்பமும் பிடித்தவர்களுக்கு ஒரு வரி, ரிப்பன் வெட்டியவருக்குப் புத்தகம் புத்தகமாக.

ஆந்தைக்கண்ணன்:
அதை ஒத்துக்கொள்கிறேன். மாமியார் பேரையும் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் ‘ரிப்பன் வெட்டியவர்’ என்பது அநியாயம் சார்.

தேநீர்க்கடை:
எல்லோரும் கோழி, குழாய், கூரை என்றே பேசுகிறீர்கள். 1937இல் அம்மாவோடும் அக்கா யூனிட்டியோடும் ம்யூனிக்கில் ஹிட்லர் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்தவர் இந்த டெபோ. இன்னொரு அக்கா டயானா பிரிட்டிஷ் பாசிஸ்ட் தலைவர் மோஸ்லியை 1936இல் பெர்லினில் கோயபல்ஸ் வீட்டில் மணந்தார், ஹிட்லர் விருந்தாளி. யூனிட்டி போர் அறிவித்த அன்றே தன்னைத் தானே சுட்டுக்கொண்டு, உடனே சாகாமல் 1948 வரை கிடந்தார். அந்த டயானாவோடு டெபோ கடைசி வரை கொஞ்சிக் குலாவினார். மாளிகை அழகாக இருக்கிறது என்பதற்காக இதை மறந்துவிடுவதா?

நீலாம்பரி:
மறக்கச் சொல்லவில்லை தம்பி. போகும்போது அவருக்குப் பதினேழு வயது, அம்மா கூட்டிப்போனார், அந்தத் தேநீருக்கு அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் பேச வேண்டிய விஷயம். 1940இல் டயானாவை ஹாலோவே சிறையில் போட்டார்கள், வீட்டில் பால்குடிக் குழந்தை. நான்சி அரசாங்கத்திடம் போய், தங்கை ஆபத்தானவள் என்று சொன்னார், அது டயானாவுக்குத் தெரிய வந்ததே நான்சி இறந்த பிறகுதான். ஜெசிகா கம்யூனிஸ்ட், அமெரிக்காவில் குடியேறியவர், டயானாவோடு பேச்சை முறித்துக்கொண்டார், 1973இல் நான்சி மரணப் படுக்கையில் இருந்தபோது ஒரே அறையில் நின்றதோடு சரி. இரண்டு பக்கமும் கடிதம் போட்டுக்கொண்டிருந்தவர் டெபோ. இது பாசமா, அரசியலைக் கண்டும் காணாமல் இருந்த சௌகரியமா என்று கேட்டால், இரண்டாவதும் கொஞ்சம் உண்டு என்றுதான் சொல்வேன். டாம் 1945இல் பர்மாவில் போரில் செத்தார். டெபோ பெற்ற மூன்று குழந்தைகள் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே போய்விட்டன, கணவருக்கோ பல காலம் குடிப்பழக்கம். இத்தனைக்கும் நடுவில் அக்காக்களில் ஒருத்தியையும் விட்டுவிடாமல் இருந்தார் என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை.

தேநீர்க்கடை:
குழந்தைகளை இழந்தது பெரிய துக்கம், அதில் பேச எதுவும் இல்லை. ஆனால் நான்சியும் அக்காதானே? அவர் குடும்பத்தைவிட நாட்டைப் பார்த்தார். ஜெசிகா கொள்கைக்காக உறவை அறுத்தார். எல்லோரிடமும் நல்ல பேர் வாங்கியவர் மட்டும் எதையும் இழக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
இதில் நான் நீலாம்பரி அம்மா கட்சி, ஆச்சரியப்படாதீர்கள். எனக்குத் தகராறு பணத்தோடுதான். இன்னொன்று கேட்கிறேன். டெபோவுக்குத் தங்கிய பிள்ளைகளில் மூத்தவர் எம்மா, 1943இல் பிறந்தவர். அடுத்த வருடம் பிறந்தவர் பெரெக்ரின். டியூக் ஆனது யார்? தம்பி. 2004இல் ஆண்ட்ரூ இறந்த பிறகு டெபோ மாளிகையை விட்டு எடென்சர் கிராமத்தில் பழைய பாதிரியார் வீட்டுக்குப் போனார், ஐம்பது வருடம் உழைத்த வீட்டின் பட்டா அவர் பேரில் என்றைக்குமே இல்லை.

ஆந்தைக்கண்ணன்:
இது எனக்குச் சாதகமான பாயிண்ட் சார், தெரிந்துதான் சொன்னீர்களா? தன் பேரில் இல்லாத வீட்டுக்கு உழைத்தார். அதுமட்டுமா, 1981இல் மாளிகையை ஒரு அறக்கட்டளைக்குக் குத்தகைக்கு விட்டார்கள், அன்றிலிருந்து டியூக்கே தான் குடியிருக்கிற பகுதிக்குச் சந்தை விலையில் வாடகை கட்டுகிறார்.

கணக்குப்பிள்ளை:
யாருக்குக் கட்டுகிறார்? தாத்தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டைப் பராமரிக்கிற டிரஸ்டுக்கு. கூரை ரிப்பேர் செலவு டிரஸ்ட் கணக்கில், ஜன்னல் வழியாகத் தெரிகிற பூங்கா இவர் கணக்கில். நான் வீட்டுக்காரருக்குக் கட்டுகிற வாடகையில் என் வீட்டுக் கூரைகூட ஒழுகுகிறது.

நீலாம்பரி:
சண்டையை நிறுத்தாமலே ஒன்று சொல்கிறேன். எடென்சர் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் கேதலீனும் இருக்கிறார், டெபோவும் இருக்கிறார். பில்லி போரிலிருந்து திரும்பியிருந்தால் அந்த வீட்டுக்கு டச்சஸ் கேதலீன்தான், டெபோ எங்காவது ஒரு சின்னப் பண்ணை வீட்டில் கோழி வளர்த்துக்கொண்டு இருந்திருப்பார். 1963 ஜூனில் ஜனாதிபதி கென்னடி தங்கை கல்லறையைப் பார்க்க அந்தக் கிராமத்துக்கே வந்தார்.

தேநீர்க்கடை:
அதே வருடம் நவம்பரில் டெபோ அவர் இறுதிச் சடங்குக்கு வாஷிங்டன் போனார். அம்மா, நீங்கள் சொன்ன அந்த முட்டைக் காசு விஷயம் மட்டும் எனக்குத் தெரியாது. அந்தக் குடும்பம் எந்த வீட்டில் இருந்தபோது அது, ஆஸ்தால் வீட்டிலா ஸ்வின்புரூக் வீட்டிலா?