கால்பந்து வீரர்களைப் படமெடுக்க யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். ரங்கூனில் நம் பையன்களின் கால்பந்து அணிக்குப் படம் எடுக்கிறேன். 16 பேர், ஆளுக்கொரு தனிப்படம். அடிக்கடி கரண்ட் போவதால் பேட்டரியில் ஓடும் 2 ஃபிளாஷ்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

ஒன்றை சாஃப்ட்பாக்ஸில் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) மாட்டி, முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தேன். இன்னொன்று பின்னாலிருந்து தோளுக்கு. தோளின் விளிம்பு அழகாக வந்தது. ஆனால் வெள்ளை ஜெர்சி வெளிறிப்போகிறது, மாநிற முகம் இருண்டுவிடுகிறது. விளக்கைத் தள்ளி வைக்கவும் தயக்கம்; தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்குதானே மிஞ்சும். சாஃப்ட்பாக்ஸை இன்னும் உயர்த்தி வெளிச்சத்தை முகத்தோடு நிறுத்தலாமா, இல்லை வெளிச்சம் பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும் கிரிட் வலையை மாட்டலாமா?

அதைவிடப் பெரிய கவலை, அவர்கள் நிற்கும் விதம். மைதானத்தில் பாய்ந்து பாய்ந்து பந்தைப் பிடிக்கும் கோல்கீப்பர், கேமரா முன்னால் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் விறைத்துவிடுகிறான். நேற்று ஒரு தடவை குனிந்து, கையுறைப் பட்டையைப் பல்லால் கடித்து இறுக்கினான். அந்த ஒரு நொடிதான் அவன் அவனாக இருந்தான். அப்படி இயல்பாக நிற்க வைக்க நீங்கள் என்ன செய்வீர்கள்? பந்தைக் கையில் கொடுப்பதா, காலடியில் வைப்பதா?

வீட்டுச் சுவரில் பல வருஷம் தொங்கப்போகும் படங்கள் இவை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுக்கிறேன், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.