மன்றோ சிலையில் சேணம் இல்லாதது ஏன்?

தகடூரான்:
சென்ற மாதம் மகளுடன் சென்னைக்குச் சென்றிருந்தபோது, தீவுத்திடலை ஒட்டி நிற்கும் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலையைக் கண்டோம். குதிரையின் முதுகில் சேணம் இல்லை; அமர்ந்திருப்பவரின் கால்கள், பாதம் ஊன்றும் வளையமான அங்கவடியின்றித் தொங்குகின்றன. சிற்பி இவற்றை மறந்துபோய், பிறகு அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றார் ஆட்டோ ஓட்டுநர். இது உண்மைதானா? தருமபுரியில் இருந்ததாகப் பெரியவர்கள் கூறும் மன்றோ துரை இவர்தானா?

காவேரிப்பட்டணத்தார்:
கதை சுவையானது, உண்மையன்று. சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. சிலை 1839-இல் நிறுவப்பட்டது. அவர் 1841-இல் திடீரென நோயுற்று இறந்தார். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலையிலும் சேணம் இல்லை, அங்கவடியும் இல்லை. மன்றோவுக்கு மறந்தவர் மன்னருக்குமா மறந்திருப்பார்? ரோம் நகரிலுள்ள பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் பழஞ்சிலையிலும், அக்காலத்தில் அங்கவடியே வழக்கில் இல்லாததால், கால்கள் இப்படித்தான் தொங்குகின்றன. அந்தப் பழைய கம்பீரத்தையே சான்ட்ரி நாடியிருக்கிறார் என்பது என் கருத்து.

பென்னாகரம் வாசகி:
ஆம், தருமபுரியில் இருந்த மன்றோ துரை இவரேதான். 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி, கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த மன்றோ 1799 வரை இங்கே பணிபுரிந்தார். இடைத்தரகரான ஜமீன்தாரை விலக்கி, நிலத்தை அளந்து, உழவரிடமே நேராக வரி பெறும் ரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றது. பின்னர் 1820-இல் சென்னை ஆளுநரான அவர், 1827-இல் சுற்றுப்பயணத்தின்போது பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார்.

ஊத்தங்கரையார்:
ஒரு சொல் சேர்க்க வேண்டும். பட்டா உழவர் பெயருக்கு வந்தது உண்மை. ஆனால் கிஸ்தியின், அதாவது நிலவரியின், சுமையும் அவர் தலையிலேயே ஏறியது. கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் தாமே விதித்த வரியைக் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று 1807-இல் மன்றோவே பரிந்துரைத்தார் என்றால், அது எவ்வளவு கடுமையாக இருந்திருக்கும்! சிலையில் தெரிபவர் ரோமானியத் தளபதி. நம்மூர் மக்கள் கண்டதோ நில அளவையும் கணக்கும் கொண்டு வந்த வரி அதிகாரியை.

தகடூரான்:
மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். ஆட்டோக்காரர் சொன்னதுதான் நன்றாக இருக்கிறது என்கிறாள்.