மீன் விழுங்கிய தூண்டில் முள்ளைப் பிடுங்குவதா, தூண்டில் கயிறான நரம்பை அறுப்பதா?

பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுவது பற்றித் தக்கை, செவுள், ஆழ்நீர் என்ற புனைபெயர்களில் மூன்று தூண்டில்காரர்கள் பேசுகிறார்கள்.

தக்கை: தொண்டைக்குள் போன முள்ளை எடுக்காமல் நரம்பை அறுத்து மீனை விட்டுவிடு என்பது கைகழுவும் வேலை. நீள்மூக்குக் குறடு எதற்கு இருக்கிறது?

செவுள்: குறடு உள்ளே போனால் முள்ளோடு நிற்காது. செவுளும் இதயமும் அங்கேதான். முள் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள் சதையைக் கிழித்துக்கொண்டு வரும். செவுளில் ரத்தம் கொட்டினால் மீன் தேறுவது கடினம். முள்ளை ஒட்டி அறுத்துவிட்டால் பல மீன்கள் நாளடைவில் அதைத் தாமே வெளியேற்றிவிடுகின்றன. துருப்பிடிக்காத எஃகு முள் மட்டும் வேண்டாம்.

தக்கை: பல என்றால் எல்லாம் இல்லை.

செவுள்: இல்லைதான். அதனால்தான் விழுங்கவே விடக்கூடாது. வட்ட முள் போடுங்கள். நுனி உள்பக்கம் தண்டை நோக்கித் திரும்பியிருப்பதால் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். பழக்கதோஷத்தில் கோலைச் சுண்டினால் உருவிக்கொண்டு வந்துவிடும். நரம்பு இறுகட்டும், பிறகு நிதானமாகச் சுற்றுங்கள். நுனி பக்கவாட்டில் சாய்ந்த வட்ட முள் வாங்கினால் பாதிப் பயன் போச்சு. எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி, பருத்தித் துணியில் குத்தி இழுங்கள். நூல் சிக்கினால் இன்னும் நசுங்கவில்லை.

ஆழ்நீர்: இரண்டு பேரும் முள்ளைவிட்டு வெளியே வரமாட்டீர்களா? இழை மாதிரி நரம்பில் நெடுநேரம் மல்லுக்கட்டினால் மீன் கரைக்கு வரும்போதே துவண்டிருக்கும். கனமான நரம்பு போட்டுச் சீக்கிரம் கொண்டுவாருங்கள். உலர்ந்த கையும் துண்டும் மேல்கோழையை உரித்துவிடும். அங்கே பூஞ்சை பிடிக்கும். ரப்பர் வலையில், தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள். படம் வேண்டுமா? 10 நொடி, இரு கையிலும் கிடைமட்டமாக. தாடையில் தொங்கவிட்டு அல்ல.

இன்னொன்று, ஆழத்திலிருந்து வந்த மீனின் வாயில் பலூன்போலப் பிதுங்குவது இரைப்பை. அதை, மீன் மிதக்க உதவும் காற்றுப்பை என்று நினைத்துக் குத்திவிடுகிறார்கள்! எடை கட்டிய கவ்வியைத் தாடையில் மாட்டி ஆழத்துக்கு இறக்கினால் உள்ளே விரிந்த காற்று தானே சுருங்கும்.

தக்கை: இத்தனை பாடும் நம் பொழுதுபோக்குக்கு. விடுவதற்கென்றே பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து தடுத்ததில் நியாயம் இருக்கிறது.

செவுள்: அளவு குறைந்த மீன் மாட்டினால்? உண்ணப் பிடிப்பவரும் அதைத் திருப்பி விட்டுத்தானே ஆகவேண்டும்.

தக்கை: அதை ஒப்புக்கொள்கிறேன். விடும்போது முன்னும் பின்னும் ஆட்ட வேண்டுமாமே?

ஆழ்நீர்: வேண்டாம். பின்னால் இழுத்தால் செவுளில் தண்ணீர் தலைகீழாகப் போகும். நீரோட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்துப் பிடியுங்கள். அதுவே வாலை உதறிக் கையைவிட்டுப் போகும்.