தம்பியின் கோபத்திற்குச் சிகிச்சை: வழிகாட்டுங்கள்

வணக்கம். குடித்துவிட்டு அம்மாவை அடிக்கும் அப்பாவைப் பார்த்தே வளர்ந்த என் தம்பி, இன்று சோறு ஆறிப்போனது போன்ற அற்பக் காரணத்திற்கும் தட்டை வீசி, கதவை உடைத்து, சற்று நேரத்தில் தானே குறுகி அழுகிறான். பொருளைச் சேதப்படுத்தும் அளவுக்கு ஓராண்டுக்குள் மூன்று முறை இவ்வாறு வெடிப்பதை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு சினவெடிப்புக் கோளாறின் அளவுகோல்களுள் ஒன்றாகக் கொள்வதோடு, இளமைக்கால அதிர்ச்சிகள் அதற்கான அபாயத்தைக் கூட்டுவதாகவும் சொல்கிறது. அவன் சிகிச்சைக்குச் சம்மதித்துவிட்டான். அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். மதுரைப் பக்கம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை, CBT) தமிழில் அளிக்கும் உளவியலாளர்களை அறிந்தவர்கள் தெரிவியுங்கள். மாத்திரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பலன் கண்டவர்களும் எழுதுங்கள். அதுவரை அவன் மனைவியையும், இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் நான்கு வயது மகளையும் எங்கள் வீட்டில் தங்கவைப்பதே சரியென்று நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.